ஏபி பிசிக்ஸில் ‘சி’ வந்தால்: தொடர்வதா, ரெகுலருக்கு இறங்குவதா, விட்டுவிடுவதா?

பதினோராம் வகுப்பு, அக்டோபர் மாதம். மற்ற பாடங்களில் எல்லாம் ‘ஏ’, ஏபி (பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் நடத்தும் பாடம்) பிசிக்ஸில் மட்டும் 72, அதாவது ‘சி’. அமெரிக்காவில் பிள்ளை வளர்க்கும் தமிழ்க் குடும்பங்களில் வருடாவருடம் இந்தச் சமயத்தில் இந்தப் பேச்சு கிளம்பும். வழிகள் என்று பார்த்தால் நான்குதான். பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்ந்து, கிடைப்பதை வாங்கிக்கொள்ளலாம். ரெகுலர், அதாவது சாதாரணப் பள்ளித் தர, பிசிக்ஸுக்கு இறங்கலாம். வகுப்பையே விட்டுவிடலாம். அல்லது இப்போதைக்கு விட்டுவிட்டு கோடையில் கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருட அரசுக் கல்லூரி) எடுக்கலாம். எது நல்லது என்று பத்துப் பேரைக் கேட்டால் பத்து பதில் வரும், எல்லோரும் அடித்துச் சொல்வார்கள், வேடிக்கை என்னவென்றால் அதில் பாதி உண்மையாகவும் இருக்கும். ஏனென்றால் ஆளுக்கொரு கல்லூரியை மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். கலிஃபோர்னியாக்காரர் யூசியை, அதாவது யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியாவை, நினைத்துச் சொல்கிறார், டெக்சாஸின் டல்லாஸ்காரர் வகுப்பு ரேங்கை நினைத்துச் சொல்கிறார், பிள்ளை எம்ஐடிக்குத்தான் போக வேண்டும் என்று முடிவு செய்துவிட்டவர் வேறொன்றைச் சொல்கிறார். அதனால் என்னைக் கேட்டால், முதலில் விண்ணப்பிக்கப்போகும் கல்லூரிகளின் பட்டியல் வேண்டும். பட்டியல் இல்லாமல் ‘தொடரட்டுமா, விடட்டுமா’ என்ற கேள்விக்கு நேர்மையான பதிலே கிடையாது.

நமக்கு இது லேசில் புரியாததற்குக் காரணம் உண்டு. நம்மில் பலர் கட்-ஆஃப் கணக்கில் வளர்ந்தவர்கள். தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50, ஆக மொத்தம் 200. இயற்பியலில் நான்கு மதிப்பெண் போனால் கட்-ஆஃபில் இரண்டு போச்சு, அந்த இரண்டுக்கு நடுவில் எத்தனை பேர் வரிசையில் நிற்பார்கள் என்பது அங்கே படித்த யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அந்த முறையில் ஒரே கணக்கு, ஒரே பட்டியல், எல்லோருக்கும் ஒன்று. வாத்தியார் கண்டிப்பானவரா, பாடத்தை விருப்பப்பட்டு எடுத்தானா, முந்தைய வருடம் எப்படிப் படித்தான் என்றெல்லாம் யாரும் பார்ப்பதில்லை. இங்கே அப்படி ஒரே கணக்கு இல்லை. அதே ‘சி’ ஓர் இடத்தில் வெறும் எண், இன்னோர் இடத்தில் ரேங்கில் சில படிகள், மற்றோர் இடத்தில் ஒரு மனிதர் உட்கார்ந்து படித்துப் பார்த்து ‘இது ஏன்?’ என்று யோசிக்கும் விஷயம்.

யூசி கணக்கு

கலிஃபோர்னியாவில் இருப்பவர்களுக்கு இதுதான் முக்கியம், இதில்தான் தவறான தகவலும் அதிகம் உலவுகிறது. யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா, பள்ளி போடும் ஜிபிஏவை (மதிப்பெண் சராசரி; ‘ஏ’க்கு 4, ‘பி’க்கு 3, ‘சி’க்கு 2) எடுத்துக்கொள்வதில்லை. தானே கணக்குப் போடுகிறது. ஒன்பதாம் வகுப்பு முடிந்த கோடையிலிருந்து பதினோராம் வகுப்பு முடிந்த கோடை வரை எடுத்த ‘ஏ-ஜி’ பாடங்கள் (சேர்க்கைக்கு யூசி கேட்கும் பாடப் பிரிவுகள்) மட்டும்தான் கணக்கில் வரும். ஒன்பதாம் வகுப்பில் பயாலஜியில் ‘சி’ வாங்கியிருந்தால் அது யூசி ஜிபிஏவைத் தொடாது, பாடத்தை முடித்ததாக மட்டும் எடுத்துக்கொள்ளும். இந்த ஒரு விஷயம் தெரியாமல் ஒன்பதாம் வகுப்பு மார்க்குக்காக இரண்டு வருடம் புலம்பிய குடும்பங்களை எனக்குத் தெரியும்.

அடுத்தது, பிளஸ் மைனஸ் கிடையாது. ‘பி பிளஸ்’ என்றாலும் 3, ‘பி மைனஸ்’ என்றாலும் 3. அதனால் 79இல் இருப்பவன் 80க்கு ஏறினால் முழு ஒரு புள்ளி, 81இல் இருப்பவன் 88க்கு ஏறினால் ஒன்றுமே இல்லை. செமஸ்டர் முடிய மூன்று வாரம் இருக்கும்போது எந்தப் பாடத்துக்கு ராத்திரி கண்விழிப்பது என்பதை இதை வைத்தே முடிவு செய்யலாம், செய்ய வேண்டும்.

மூன்றாவதுதான் பலரும் கவனிக்காதது. ஏபி வகுப்புக்கு ஒரு புள்ளி கூடுதல் என்று எல்லோருக்கும் தெரியும். ‘சி’ வரை அந்தக் கூடுதல் கிடைக்கும், ‘டி’க்குக் கிடையாது. ஆனால் அந்தக் கூடுதல் புள்ளிக்கு ஓர் உச்சவரம்பு உண்டு: மொத்தம் எட்டு செமஸ்டருக்குத்தான், அதிலும் பத்தாம் வகுப்பில் படித்தவற்றில் நான்குக்கு மேல் சேர்க்க மாட்டார்கள். ஒரு பிள்ளை இரண்டு வருடத்தில் வருடத்துக்கு ஆறு பாடம் என்று 24 செமஸ்டர் மார்க் வைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் ‘ஏ’, எட்டு கூடுதல் புள்ளியும் உண்டு என்றால் 104ஐ 24ஆல் வகுத்து 4.33. ஏபி பிசிக்ஸில் இரண்டு செமஸ்டரும் ‘சி’ என்றால் நான்கு புள்ளி குறைந்து 100ஐ 24ஆல் வகுக்க வேண்டும், 4.17 வருகிறது. ரெகுலர் பிசிக்ஸுக்கு மாறி இரண்டிலும் ‘ஏ’ வாங்கினால்? மற்ற ஏபி பாடங்களிலேயே எட்டு கூடுதல் புள்ளி நிரம்பிவிட்டது என்றால் மறுபடியும் 4.33தான், ஒரு துளிகூட இழப்பில்லை. ரெகுலரில் ‘பி’ வாங்கினாலும் 102ஐ 24ஆல் வகுத்து 4.25, ஏபி ‘சி’யை விட மேல்.

மாறாக, அந்த எட்டு நிரம்பாத பிள்ளைக்கு ஏபி பிசிக்ஸ் ‘சி’யும் 3, ரெகுலர் ‘பி’யும் 3. அங்கே இறங்குவதில் எண்ணளவில் லாபம் இல்லை, ‘ஏ’ வாங்க முடியும் என்றால்தான் லாபம். ஆக ‘ஏபியில் சி வாங்கினாலும் பரவாயில்லை, வெயிட்டேஜ் இருக்கிறதே’ என்று சொல்பவரிடம், உங்கள் பிள்ளைக்கு எட்டு நிரம்பிவிட்டதா என்று கேளுங்கள். நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் பதினோராம் வகுப்பிலேயே அதை நிரப்பிவிடுகிறார்கள்.

ஜிபிஏ மட்டுமா பார்க்கிறார்கள் என்றால், இல்லை. வரம்பில்லாத வெயிட்டட் ஜிபிஏவும் (எல்லாக் கூடுதல் புள்ளியும் சேர்த்தது) விண்ணப்பத்தைப் படிப்பவர் முன் இருக்கும், எத்தனை கடினமான பாடங்கள் எடுத்தான் என்பதும் இருக்கும். யூசி பரிசீலிக்கும் 13 அம்சங்களில் பாடங்களின் கடினமும் உண்டு, சமீபத்தில் மதிப்பெண் நன்றாக ஏறியிருக்கிறதா என்பதும் உண்டு. ஆனால் எஸ்ஏடி என்ற பொது நுழைவுத் தேர்வைப் பார்ப்பதில்லை, பரிந்துரைக் கடிதமும் பொதுவாகக் கேட்பதில்லை. அதனால் ‘பிசிக்ஸில் சி, ஆனால் பையன் கெட்டிக்காரன்’ என்று சொல்ல இங்கே ஆசிரியர் கடிதம் வராது, எஸ்ஏடி 1550ம் வராது. மதிப்பெண்கள், ஏபி தேர்வு ஸ்கோர், பிள்ளையே எழுதும் பதில்கள், செய்த வேலைகள், அவ்வளவுதான். ஆகவே யூசியைப் பொறுத்தவரை ‘சி’யின் கனம் தனியார் கல்லூரிகளில் இருப்பதைவிட இன்னும் நேரடியானது என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. ‘டி’ அல்லது ‘எஃப்’ வந்தால் அந்தப் பாடத்தைத் திரும்ப எடுத்து, புது மதிப்பெண்ணை யூசி கணக்கில் சேர்க்கலாம். ‘சி’ வந்துவிட்டால் அந்த வாய்ப்பு இல்லை. கோடையில் திரும்ப எடுத்து ‘ஏ’ வாங்கினாலும் யூசி பழைய ‘சி’யைத்தான் எடுத்துக்கொள்ளும். கோடை வகுப்புக்கு ஆயிரக்கணக்கில் கட்டி ‘சி’யை அழிக்கப் பார்ப்பவர்கள் முதலில் இதைத் தெரிந்துகொள்ளட்டும். (இதற்காக வேண்டுமென்றே ‘டி’ வாங்கலாமா என்று ஒரு புத்திசாலிப் பிள்ளை கேட்கும். வேண்டாம்.)

டெக்சாஸில் ரேங்க்தான் பேசும்

டெக்சாஸில் 1997இல் வந்த சட்டம், வகுப்பில் முதல் 10 சதவீதத்தில் வருபவர்களுக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களில் நேரடி இடம் தருகிறது. யூடி ஆஸ்டினுக்கு (ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம்) மட்டும் இது சில வருடங்களாக 6 சதவீதமாக இருந்தது, 2026 சேர்க்கையிலிருந்து 5 சதவீதம். இங்கே மதிப்பெண் தனியாக ஒன்றும் பேசாது, அது உங்கள் ரேங்கை என்ன செய்கிறது என்பதே பேச்சு. ரேங்கைப் பள்ளி மாவட்டம் தன் கணக்குப்படி போடும், ஏபிக்கு எத்தனை கூடுதல் என்பது மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். சில மாவட்டங்களின் கணக்கில் ஏபி வகுப்பில் 80 வாங்கியவன் ரெகுலரில் 90 வாங்கியவனுக்குச் சமமாக வந்துவிடுவான், சிலவற்றில் அப்படி இருக்காது. மாவட்டத்தின் கையேட்டில் அந்த அட்டவணை இருக்கும், எடுத்துப் பாருங்கள். யூசி போல உச்சவரம்பு இல்லாத மாவட்டங்களில் ரெகுலருக்கு இறங்குவது ரேங்கை நிஜமாகவே இடிக்கும், அங்கே தொடர்வதுதான் பல சமயம் சரி.

ஆனால் உங்கள் பிள்ளை ஏற்கெனவே 12 சதவீதத்தில் இருக்கிறான், ஐந்துக்குள் வரவே வழியில்லை என்றால் ரேங்க் பயத்தில் எடுக்கும் முடிவுக்கு அர்த்தம் இல்லை, முழு விண்ணப்பத்தையும் படித்துப் பார்ப்பவர்களை மனதில் வைத்து யோசிக்க வேண்டும். முதல் 5 சதவீதத்தில் இருந்தாலும் பல்கலைக்கழகத்தில்தான் இடம் உறுதி, கேட்ட படிப்பில் இல்லை. ஆஸ்டினில் கம்ப்யூட்டர் சயின்ஸோ இன்ஜினியரிங்கோ வேண்டும் என்றால் அதற்குத் தனியாகப் பார்ப்பார்கள், அப்போது பிசிக்ஸ் ‘சி’ மறுபடி தலைகாட்டும்.

தனியார் கல்லூரிகள்

ஹார்வர்ட், ஸ்டான்ஃபோர்ட், எம்ஐடி மாதிரி நூறு பேரில் ஐந்து பேருக்கும் குறைவாக எடுக்கும் இடங்களைப் பற்றி ஆறுதலாகப் பேச எனக்கு விருப்பமில்லை. பதினோராம் வகுப்பில், அதுவும் இன்ஜினியரிங் கேட்கும் பிள்ளைக்கு, பிசிக்ஸில் ‘சி’ என்பது அங்கே பெரிய அடி. கதவு மூடிவிட்டது என்று சொல்லவில்லை, ஆனால் எல்லா பாடத்திலும் ‘ஏ’ வைத்திருப்பவர்களிலேயே பெரும்பாலானோரைத் திருப்பி அனுப்பும் இடம் அது. அந்தக் கல்லூரிகளுக்காக மட்டும் அக்டோபரில் முடிவு எடுக்காதீர்கள்.

அதற்கு அடுத்த வரிசையில், அதாவது நூற்றில் இருபது, முப்பது, நாற்பது பேரை எடுக்கும் நல்ல கல்லூரிகளில் நிலைமை வேறு. அங்கே டிரான்ஸ்கிரிப்டோடு (பள்ளி தரும் மதிப்பெண் பட்டியல்) பள்ளியின் புரொஃபைலும் போகும், அதில் இந்தப் பள்ளியில் என்னென்ன ஏபி உண்டு, மதிப்பெண் எப்படிப் போடுவார்கள் என்று இருக்கும். பல கல்லூரிகளுக்கும் பொதுவான விண்ணப்பமான காமன் ஆப்பில் பள்ளி கவுன்சிலர் நிரப்பும் படிவத்தில், இந்தப் பிள்ளை எடுத்த பாடங்கள் பள்ளியில் கிடைப்பவற்றிலேயே மிகக் கடினமானவையா, அதற்குக் கொஞ்சம் கீழா என்று ஒரு கேள்வி உண்டு. ஏபி பிசிக்ஸை விட்டால் அந்தக் கட்டத்தில் கவுன்சிலர் எதை டிக் செய்வார்? இதை அவரிடமே நேராகக் கேட்கலாம், தப்பே இல்லை. ஏபி கெமிஸ்ட்ரியும் ஏபி கால்குலஸும் இருக்கும் பிள்ளைக்கு பல பள்ளிகளில் அந்த டிக் மாறாது.

கல்லூரிச் சுற்றுலாவில் எல்லாப் பெற்றோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு, ‘ரெகுலரில் ஏ நல்லதா, ஏபியில் பி நல்லதா’ என்று. ஏபியில் ‘ஏ’ நல்லது என்று சிரித்துக்கொண்டே ஒரு பதில் வரும், கூட்டமும் சிரிக்கும். அதை விட்டுப் பார்த்தால் பொதுவாக ஏபியில் ‘பி’ பரவாயில்லை என்பதே நடைமுறை. ஆனால் அந்த நியாயத்தை ‘சி’க்கு நீட்டக் கூடாது. ‘பி’ என்றால் கடினமான பாடத்தைச் சமாளித்தான் என்று படிப்பவருக்குத் தோன்றும், ‘சி’ என்றால் சமாளிக்கவில்லை என்று தோன்றும். ரெகுலர் ‘ஏ’யா ஏபி ‘சி’யா என்றால் பெரும்பாலான கல்லூரிகளுக்கு நான் ரெகுலர் ‘ஏ’யைத்தான் சொல்வேன்.

எந்தக் கல்லூரி எதைப் பார்க்கிறது என்பதை ஊகிக்கவும் வேண்டாம். பெரும்பாலான கல்லூரிகள் ஒவ்வொரு வருடமும் காமன் டேட்டா செட் என்று ஓர் ஆவணம் வெளியிடுகின்றன. அதில் சி7 என்ற பகுதியில் பாடங்களின் கடினம், ஜிபிஏ, வகுப்பு ரேங்க், பரிந்துரைக் கடிதம் ஒவ்வொன்றும் அவர்களுக்கு ‘மிக முக்கியம்’, ‘முக்கியம்’, ‘பார்ப்போம்’, ‘பார்ப்பதில்லை’ என்று குறித்திருப்பார்கள். காசு வாங்கும் ஆலோசகர் முதலில் பார்ப்பது இதைத்தான், நீங்கள் இலவசமாகவே பார்க்கலாம்.

இனி நான்கு வழிகளும்

ரெகுலருக்கு இறங்குவது என்றால் தேதிதான் எல்லாம். ஒவ்வொரு பள்ளியிலும் டிரான்ஸ்கிரிப்டில் தடம் தெரியாமல் வகுப்பு மாற ஒரு கடைசி நாள் இருக்கும், சில இடங்களில் அது பள்ளி திறந்த முதல் சில வாரங்களிலேயே போய்விடும். அதற்குப் பிறகு மாறினால் இரண்டு சிக்கல். ஒன்று, பல பள்ளிகளில் ஏபியில் வாங்கிய 72ஐ அப்படியே தூக்கிக்கொண்டுதான் ரெகுலர் வகுப்புக்குள் போக வேண்டும். அங்கே எல்லாத் தேர்விலும் 95 வாங்கினாலும் அந்த செமஸ்டர் ‘பி’யில்தான் முடியும். இரண்டு, டைம்டேபிள். ரெகுலர் பிசிக்ஸ் வேறு பீரியடில் இருக்கும், அதற்காக இங்கிலீஷ் ஆசிரியர் மாறுவார், அதற்காக ஆர்க்கெஸ்ட்ரா போகும். ஒரு பாடத்தை மாற்றப் போய் மூன்று மாறும். இதையெல்லாம் கேட்டுக்கொண்டு, செமஸ்டர் முடிவில் மாறுவது மேலா என்றும் பாருங்கள். முதல் செமஸ்டர் ஏபி ‘சி’, இரண்டாவது ரெகுலர் ‘ஏ’ என்றால் டிரான்ஸ்கிரிப்டில் கொஞ்சம் கோணலாகத் தெரியும்தான், ஆனால் இரண்டு ‘சி’யை விட மேல்.

முழுதாக விடுவதை நான் அனேகமாக யாருக்கும் சொல்ல மாட்டேன். இன்ஜினியரிங் கேட்கும் பிள்ளையின் டிரான்ஸ்கிரிப்டில் பிசிக்ஸே இல்லை என்பது ‘சி’யை விட மோசமான கேள்வியைக் கிளப்பும். வரலாறோ எகனாமிக்ஸோ படிக்கப்போகும் பிள்ளைக்கு, ஏற்கெனவே பயாலஜி, கெமிஸ்ட்ரி முடித்திருந்தால், விடுவதில் பெரிய நஷ்டம் இல்லை. யூசிக்குக் கட்டாயம் இரண்டு வருட லேப் சயின்ஸ், மூன்று இருந்தால் நல்லது என்பார்கள். கடைசி நாளுக்குப் பிறகு வகுப்பை விட்டால் ‘டபிள்யூ’ (விலகினான் என்ற குறிப்பு) விழும், சில பள்ளிகளில் ‘டபிள்யூஎஃப்’ (தோற்கும் நிலையில் விலகினான்) விழும், பின்னது எஃப் மாதிரியே கணக்கில் வருவதும் உண்டு. கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

கம்யூனிட்டி காலேஜ் வழியை நம் மக்கள் ரொம்ப லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். ‘அங்கே ஈஸி, ஏ வாங்கிடலாம், கூடுதல் புள்ளியும் உண்டு’ என்று. யூசிக்கு மாற்றத்தக்க பாடமாக இருந்தால் கூடுதல் புள்ளி உண்டு என்பது சரிதான். ஆனால் ஆறு அல்லது எட்டு வாரக் கோடையில் ஒரு முழு செமஸ்டர் பிசிக்ஸை அடைப்பார்கள், வாரத்துக்கு ஒரு தேர்வு, லேப் வேறு. ஏபியில் திணறிய பிள்ளைக்கு இது எப்படி ஈஸியாகும்? இதைவிட முக்கியமானது, அங்கே வாங்கும் மதிப்பெண் கல்லூரி மதிப்பெண், ஆயுளுக்கும் கூட வரும். பிள்ளை பிறகு மருத்துவம் படிக்க விரும்பினால், மெடிக்கல் ஸ்கூல் விண்ணப்பத்தில் பள்ளி நாட்களில் எடுத்த கல்லூரிப் பாடங்களையும் சேர்த்தே எழுத வேண்டும், அது அங்கே ஜிபிஏவில் ஏறும். உயர்நிலைப் பள்ளியில் வாங்கிய ‘சி’ பன்னிரண்டாம் வகுப்போடு செத்துப்போகும், கம்யூனிட்டி காலேஜில் பதினாறு வயதில் வாங்கிய ‘சி’ இருபத்திரண்டு வயதில் வந்து நிற்கும். டாக்டர் கனவு உள்ள வீடுகள் இதை யோசித்தே ஆக வேண்டும்.

தொடர்வது எப்போது சரி? அந்த ‘சி’ எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும். முதல் இரண்டு தேர்வில் 60, அடுத்ததில் 78, அதற்கடுத்து 84 என்றால் பிள்ளை பிடித்துக்கொண்டுவிட்டது, அதைப் போய் இறக்கிவிடாதீர்கள். ஹோம்வொர்க் ஒப்படைக்காததால் ‘சி’ என்றால் அது பிசிக்ஸ் பிரச்சினையே இல்லை. ஆனால் கணக்கு அடிப்படையே தள்ளாடுகிறது, வெக்டரும் அல்ஜீப்ராவும் இன்னும் கைவரவில்லை, ஒவ்வொரு தேர்வும் முந்தையதைவிடக் கீழே போகிறது என்றால் ஜனவரியில் நிலைமை தானாகச் சரியாகாது, பாடம் அடுக்கடுக்காகக் கட்டப்படுவது. இன்னொரு கணக்கையும் போடுங்கள்: பிசிக்ஸுக்குத் தினமும் மூன்று மணி நேரம் போகிறது என்றால் அந்த மூன்று மணி நேரம் எங்கிருந்து வருகிறது? தூக்கத்திலிருந்தும் மற்ற பாடங்களிலிருந்தும்தான். ‘சி’யை ‘பி’யாக்கப் போய் இரண்டு ‘ஏ’க்கள் ‘பி’யாகிவிட்டால் ஜிபிஏவில் ஒரு புள்ளி வந்து இரண்டு புள்ளி போயிருக்கும். வீட்டில் இதை யாரும் கணக்கில் வைப்பதே இல்லை, எல்லோர் கண்ணும் அந்த ஒரு ‘சி’ மேலேயே இருக்கும்.

தொடரும் பிள்ளைக்கு ஒரு வாய்ப்பு மே மாதம் வரும். ஏபி தேர்வு வகுப்பு மதிப்பெண்ணோடு சம்பந்தமில்லாதது, நாடு முழுக்க ஒரே தாள், 1 முதல் 5 வரை ஸ்கோர். வகுப்பில் ‘சி’, தேர்வில் 5 என்றால் அந்த ஆசிரியர் மார்க் போடுவதில் கெடுபிடியானவர், பிள்ளைக்குப் பாடம் தெரியும் என்று படிப்பவரே புரிந்துகொள்வார், நீங்கள் ஒரு வார்த்தை விளக்க வேண்டாம். 4 வந்தாலும் உதவும். ஏபி பிசிக்ஸ் 1 தேர்வில் 2021 முதல் 2024 வரை ஒவ்வொரு வருடமும் எழுதியவர்களில் பாதிக்கும் குறைவானவர்களே 3 அல்லது அதற்கு மேல் வாங்கினார்கள், அதனால் அது எளிதான சமாச்சாரம் இல்லை. ஸ்கோர் ஜூலையில் வரும், பெரும்பாலான கல்லூரிகளுக்கு விரும்பினால் மட்டும் அதை விண்ணப்பத்தில் குறிப்பிடலாம், சரியாக வரவில்லை என்றால் குறிப்பிடாமல் விடலாம். ஆனால் வகுப்பில் ‘சி’, தேர்வில் 2 என்றால் இரண்டும் ஒரே கதையைச் சொல்கின்றன, அதை எந்தக் கட்டுரையும் மாற்றாது.

விளக்கம் எழுதுவது பற்றியும் சொல்லிவிடுகிறேன். விண்ணப்பத்தில் கூடுதல் தகவலுக்கு இடம் இருக்கிறது. உடம்பு சரியில்லாமல் ஒரு மாதம் போகவில்லை, வீட்டில் சாவு, ஆசிரியர் நவம்பரில் வேலையை விட்டுப் போய் மார்ச் வரை மாற்று ஆள் மாறி மாறி வந்தார்கள், இப்படி உண்மையான காரணம் இருந்தால் மூன்று நான்கு வரியில் எழுதலாம். கவுன்சிலர் எழுதினால் இன்னும் நல்லது. ‘டீச்சர் சரியில்லை’ என்று மட்டும் எழுதக் கூடாது, அது உண்மையாகவே இருந்தாலும். காரணமே இல்லை, பாடம் கஷ்டமாக இருந்தது என்றால் சும்மா விட்டுவிடுவதே மேல், பன்னிரண்டாம் வகுப்பில் இன்னொரு கடினமான சயின்ஸ் எடுத்து ‘ஏ’ வாங்கினால் அதுவே பதில். தனியார் கல்லூரிகளுக்கு அந்த முதல் செமஸ்டர் மார்க், பள்ளி வருட நடுவில் அனுப்பும் மிட்-இயர் ரிப்போர்ட்டில் போய்ச் சேரும்.

கலிஃபோர்னியா வீடுகளில் வாயைத் திறந்து சொல்லத் தயங்கும் ஒரு வழியும் இருக்கிறது. கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருடம் படித்துவிட்டு யூசிக்கு மாறுவது. டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைட், சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்களும் குறிப்பிட்ட பாடங்களையும் ஜிபிஏவையும் முடித்தவர்களுக்கு இடத்தை உறுதிசெய்து ஒப்பந்தமே போடுகின்றன. எல்லாப் படிப்புக்கும் கிடையாது, கம்ப்யூட்டர் சயின்ஸ் போன்றவற்றைச் சில வளாகங்கள் அதில் சேர்ப்பதில்லை, பெர்க்லியும் லாஸ் ஏஞ்சலஸும் சான் டியாகோவும் இந்த ஒப்பந்தத்திலேயே இல்லை. ஆனாலும் அந்த வழியில் பதினோராம் வகுப்பு பிசிக்ஸை யாரும் திரும்பிப் பார்க்கப்போவதில்லை. சொந்தக்காரர்களிடம் சொல்லச் சங்கடம் என்பதைத் தவிர இதில் குறை என்று எனக்கு எதுவும் தெரியவில்லை, கடைசியில் கையில் வரும் பட்டத்தில் மாறி வந்தவர் என்று எழுதியிருக்காது.

இதே ‘சி’ பன்னிரண்டாம் வகுப்பில் வந்தால் விதிகள் கொஞ்சம் மாறும். யூசி விண்ணப்பம் நவம்பர் கடைசியில் போய்விடுவதால் முடிவு வரும்போது பெரும்பாலும் அந்த மார்க்கைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் கிடைக்கும் இடம் நிபந்தனையோடுதான் கிடைக்கும்: பொதுவாகப் பன்னிரண்டாம் வகுப்பில் வெயிட் இல்லாத 3.0 ஜிபிஏ, எந்தப் பாடத்திலும் ‘சி’க்குக் கீழே போகக் கூடாது. ‘சி’ வந்தால் இடம் தப்பும், ‘டி’ வந்தால் ஆபத்து. விண்ணப்பத்தில் ஏபி பிசிக்ஸ் எடுக்கிறேன் என்று எழுதிவிட்டு ஜனவரியில் விட்டால் அதையும் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும், தனியார் கல்லூரிகளுக்கும் அப்படியே. ‘டி’ வரப்போகிறது என்று ஏப்ரலிலேயே தெரிந்தால் அப்போதே வளாகத்துக்கு எழுதி, கோடையில் திரும்ப எடுத்தால் ஏற்பீர்களா என்று கேட்பதே சரி. இறுதி டிரான்ஸ்கிரிப்ட் ஜூலையில் போய்ச் சேர்ந்து அவர்களாகக் கண்டுபிடிக்கும்போது பேச இடம் ரொம்பக் குறைவாக இருக்கும்.